தூங்காத கொலு

பாரிஜாதம் டாக்கீஸ் எரிஞ்சதுக்கு மறு வருஷம் புரட்டாசில, செங்கழனிப்பட்டு ஊர்ல வழக்கம்போல வீட்டுக்கு வீடு பரண்ல இருந்து கொலுப் பெட்டிய எறக்கி, போன வருஷம் சுத்தி வெச்ச பழைய பேப்பர ஒண்ணொண்ணா பிரிச்சு, தசாவதாரத்துல யாருக்குக் கை ஒடஞ்சிருக்கு, செட்டியார் பொம்மைக்கு மூக்கு இருக்கா போயிடுச்சான்னு பாத்துட்டு இருந்தப்போ, யாரும் வாங்காத, யாரும் சுத்தி வெக்காத ஒரு பொம்மை எல்லாப் பெட்டிலயும் இருந்துச்சு. ஒரு சாண் உசரம். மண்ணுல செஞ்சு வர்ணம் அடிச்ச பாரிஜாதம் டாக்கீஸ். கூரை கிடையாது. சுவரெல்லாம் கரி. டிக்கெட் கவுண்டர் கம்பி கூட அன்னைக்கு வளைஞ்ச மாதிரியே வளைஞ்சு இருந்துச்சு.

ஊர் அதப் பாத்து ஆச்சரியப்படல, ஏன்னா அந்த வருஷம் ஊருக்கு ஆச்சரியப்படத் தெம்பில்ல. பக்கத்து வீட்டு மரகதம் அக்கா அத கையில எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. எந்தப் படியில வெக்கிறதுங்கறதுதான் பேச்சா ஓடுச்சு. சாமிக்கு மேல வெக்க முடியாது, செத்த எடம். கீழ பார்க்குல, யானைக்கும் குளத்துக்கும் நடுவுல வெச்சா, செத்தவங்கள வெளையாட்டுக்கு வெச்ச மாதிரி இருக்கும். கடைசில மூணாவது படியில, கல்யாண செட்டுக்குப் பக்கத்துல வெச்சு, எல்லாரோட சேத்து அதுக்கும் சுண்டல் படைச்சாங்க.

வனஜாவும் வெச்சா. அவ வீட்டுக்காரர் செல்வகணபதி அந்த டாக்கீஸ்ல டார்ச் அடிச்சு சீட்டு காட்டுறவர். எரிஞ்ச அன்னைக்குக் கரண்டு போனதும், பக்கவாட்டுக் கதவுகிட்ட நின்னு டார்ச்ச அடிச்சு அடிச்சு ஆளுங்கள வெளிய அனுப்பிட்டே இருந்தாராம், அனுப்புறதுலயே குறியா இருந்து அவர் வெளிய வர்றத மறந்துட்டாராம். மண் டாக்கீஸ்ல அந்தப் பக்கவாட்டுக் கதவுகிட்ட கடுகளவு மஞ்சப் பொட்டு ஒண்ணு இருந்துச்சு. எல்லா வீட்டு டாக்கீஸ்லயும் இருந்துச்சு. வர்ணம் சிந்திடுச்சு போலன்னு மத்தவங்க சொன்னாங்க. வனஜா அத விரலால தொட்டுப் பாத்தா. அவளுக்கு அன்னைக்கும் அழுகை வரல, காரியத்தன்னைக்கும் வரல, அதுக்கப்புறமும் வரல. சூடான பாத்திரத்த வெறுங்கையால எறக்குவா, அப்புறம் விரல் கொப்புளிச்சிருக்கறதப் பாத்துத்தான் சுட்டுச்சுன்னு தெரியும். பயம், கோவம், ஏக்கம் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்துச்சு, பழைய வீட்டு அட்ரஸ் ஞாபகம் இருக்கற மாதிரி. அங்க அவ குடியில்ல, அவ்வளவுதான்.

அவ மட்டும் இல்ல. டாக்கீஸ்ல ஒரே நாள்ல தெருத்தெருவா தாலி போனதால, கொலுவுக்கு வர்றவங்கள்ல யாருக்குக் குங்குமம் குடுக்கலாம் யாருக்குக் கூடாதுன்னு பாத்தா பாதித் தெருவ வாசலோட திருப்பி அனுப்பணும். அதனால எல்லாருக்கும் குடுத்துடலாம்னு ஊரே தானா ஒரு முடிவுக்கு வந்து, தாம்பாளத்த எல்லார்கிட்டயும் நீட்டுச்சு. யாரும் கூட்டம் போடல, யாரும் சண்டை பிடிக்கல.

அடுத்து மில் ஹாஸ்டல் இடிஞ்சுது, அடுத்த புரட்டாசில பெட்டிக்குள்ள மில் ஹாஸ்டல் இருந்துச்சு, மொட்டமாடிக் கொடில காயப்போட்ட தாவணி மொதக்கொண்டு. அப்புறம் கல்யாண மண்டபத்துல பந்தி நடக்கறப்ப மாடி எறங்குச்சு, அதுவும் வந்துச்சு, வாசல்ல மாப்ள பொண்ணு பேரு போட்ட போர்டோட. அப்புறம் ஜனத்தோட சரிஞ்ச படகுத்துறை. இப்படி வருஷத்துக்கு ஒண்ணா சேரச் சேர, ஊர் அத 'செட்'டுன்னு கூப்பிட ஆரம்பிச்சுது. சில வீட்ல ஒண்ணுக்கு ரெண்டு வந்துச்சு, சில வீட்ல கை தவறி ஒடஞ்சுபோச்சு, அதனால பஸ் ஸ்டாண்டு டீக்கடைல மாத்திக்கறதுக்குன்னே ஒரு கூட்டம் கூடுச்சு. "எங்கிட்ட மண்டபம் டபுள் இருக்கு, உங்கிட்ட துறை இருக்கா?" "துறைய எவன் குடுப்பான்? மண்டபத்தோட மில்லையும் சேத்துக் குடு." மில்லுல தங்கச்சியப் பறிகொடுத்தவரே மில்ல மாத்திட்டுப் போனார், வர்ணம் நல்லா இருக்கற பீஸா பாத்து. வெளியூர்ல இருந்து வேன் போட்டு வந்தாங்க. மாதர் சங்கம் முழு செட்டுக்கு எவர்சில்வர் குத்துவிளக்கு பரிசு குடுத்துச்சு.

இதுக்கு நடுவுல இன்னொரு வழக்கமும் ஏற்பட்டுடுச்சு. விஜயதசமி அன்னைக்கு வெளக்கு வெக்கற நேரத்துல ஆரத்தி எடுத்து, ஏதாவது ஒரு பொம்மையப் படுக்க வெச்சாத்தான் மறுநாள் கொலுவக் கலைக்கலாம். மத்த ஊர்ல மரப்பாச்சியப் படுக்க வெப்பாங்க. செங்கழனிப்பட்டுல அந்த வருஷம் புதுசா வந்த கட்டடத்தப் படுக்க வெச்சாங்க. "அத்தன பேரு கண்ண மூடுன எடம், மொதல்ல அது தூங்கட்டும்"னு மரகதம் அக்கா தொடங்கி வெச்சது. பக்கவாட்டுல மெதுவா சாய்ச்சு, தலைக்கு ஒரு கைக்குட்டை.

அப்படியே போயிட்டு இருந்துச்சு. போன புரட்டாசில வனஜா பெட்டியப் பிரிச்சா, பேப்பருக்குள்ள இருந்து வந்தது வெற்றிமங்கை ஜவுளி மாளிகை.

அது கடைவீதில இருக்கு. இருக்குன்னா இப்பவும் இருக்கு, நிக்குது, அஞ்சு மாடி, கண்ணாடி முகப்பு, உள்ள ஏசி. வனஜா பொண்ணு அபிநயா நாலாவது மாடியில பட்டுப்புடவை செக்‌ஷன்ல வேல பாக்குறா. பொம்மையில கூரை இருந்துச்சு, கரி இல்ல, வாசல்ல தீபாவளித் தள்ளுபடி பேனர் கூட இருந்துச்சு. அபிநயா அதப் பாத்து சிரிச்சா.

"அம்மா, எங்க கடைம்மா! நாலாவது மாடி ஜன்னல் பாரேன், சேலை அடுக்கி வெச்சிருக்கறது கூடத் தெரியுது!"

"அங்க யாரும் சாகலையேடி" வனஜா சொன்னா.

"அதான் நல்ல விஷயமாச்சேம்மா. இந்த வருஷம் ஊர்ல ஒண்ணும் ஆகல, சும்மா விட வேணாம்னு இதக் குடுத்திருக்கு போல."

ஊரும் அப்படித்தான் நெனச்சுது. இந்த வருஷம் கெட்டது நடக்கல, ஆனா வருஷத்துக்கு ஒரு பொம்மை புதுசா வெக்கணுமே, அதுக்காக நல்லதா ஒண்ணு வந்திருக்குன்னு பேசிக்கிட்டாங்க. முதலாளி நாகப்பனுக்கு சந்தோஷம் தாங்கல. வீட்டுக்கு வீடு சாமிக்குப் பக்கத்துல தன் கடை நிக்குது, எவனுக்குக் கெடைக்கும் இப்படி ஒரு விளம்பரம்? மண் மாளிகையக் கொண்டு வந்து காட்டுனா தள்ளுபடின்னு ஆட்டோல மைக் கட்டி விட்டார். ஜனம் முந்தானைல பொம்மைய முடிஞ்சிட்டு வரிசைல நின்னுச்சு.

வனஜாவோட பொம்மையில நாலாவது மாடி ஜன்னலுக்குள்ள, ஒரு தூண்ல, முடி மாதிரி ஒரு கோடு இருந்துச்சு. மரகதம் அக்காது எடுத்துப் பாத்தா, அதுலயும் இருந்துச்சு. எதிர் வீட்டுதுலயும் இருந்துச்சு. பாத்தவங்க யாரும் இல்ல, அவ்வளவுதான்.

"உங்க மாடியில தூண் வெடிச்சிருக்கா?"ன்னு சாப்பாடு போடறப்போ அபிநயாகிட்ட கேட்டா.

"எந்தத் தூண்? ஓ, அதுவா. அங்க ஆளுயரக் கண்ணாடி மாட்டிட்டாங்கம்மா. சேலைய மேல போட்டுப் பாக்கறதுக்கு. சூப்பரா இருக்கு, எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க."

"நீ வேலைக்குப் போகாத."

"அம்மா, சீசன்மா. லீவு கேட்டாலே மொறைக்கறாங்க. நான் வரலேன்னா என் எடத்துல சத்யா நிப்பா, அவளும் பொண்ணுதானே?" அப்புறம் சாதத்தப் பெசஞ்சுட்டே கேட்டா, "உனக்குப் பயமா இருக்காம்மா?"

வனஜா உள்ள தேடிப் பாத்தா. "தெரியலடி. இருக்கணும்னு மட்டும் தெரியுது."

மறுநாள் நகராட்சி ஆபீசுக்குப் போனா. அங்க இருந்த அதிகாரி பொம்மைய வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பாத்தார். "அருமையான பீஸும்மா. பேனர்ல எழுத்து கூட அழியல. என் பீஸுல தள்ளுபடியில 'த' போயிடுச்சு. மாத்திக்கலாமா? மேல ஒரு படகுத்துறை தர்றேன்."

"சார், தூண்ல கோடு."

"அது சூளைல வேகறப்போ விழுறதும்மா."

"எந்த சூளைல சார் வெந்துச்சு இது?"

அவர் பொம்மையத் திருப்பிக் குடுக்க மனசில்லாம இன்னொரு தடவ திருப்பிப் பாத்துட்டுத்தான் குடுத்தார்.

விஜயதசமி வந்துச்சு. வனஜா வீடு வீடா ஏறி எறங்கினா, எல்லா வீட்லயும் வெத்தலபாக்கு குடுத்தாங்க, சுண்டல் குடுத்தாங்க, எல்லா வீட்லயும் அவ ஒண்ணையேதான் சொன்னா. "மத்ததெல்லாம் செத்த கட்டடம், படுக்க வெச்சோம். இது உசுரோட இருக்கு. உள்ள பொண்ணுங்க நிக்குது. உசுரோட இருக்கறதப் படுக்க வெக்காதீங்க."

"அதப் படுக்க வெக்காம கொலுவ எப்படிடி கலைக்கறது?"ன்னு மரகதம் அக்கா கேட்டாங்க. "வேற ஒண்ணப் படுக்க வெக்கலாம்னா, புதுசுக்கு மரியாத குடுக்கலேன்னு ஆயிடும். அப்புறம் அடுத்த வருஷம் வரலேன்னா? செட்டு போயிடுமே."

"கலைக்காதீங்க."

அவ சொன்னத யாரும் நம்பல. ஆனா எந்த வீட்லயும் அதப் படுக்க வெக்கவும் இல்ல. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் படுக்க வெச்சேன்னு ஆயிடுமேன்னு ஒவ்வொரு வீட்லயும் நெனச்சாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க படுக்க வெச்சப்புறம் நாம வெக்கலாம்னு நெனச்சாங்க, பக்கத்து வீடும் அதையேதான் நெனச்சுது. ஆக அந்த வருஷம் கொலு தூங்கல.

தூங்காத கொலுவக் கலைக்க முடியாது, அதனால படிங்க கூடத்துலயே நின்னுச்சு. தீபாவளி வந்துச்சு, எண்ணெ தேச்சுக் குளிச்சவங்க படியச் சுத்திக்கிட்டு நடந்தாங்க. கார்த்திகை வந்துச்சு, மழை ஒழுகுன வீட்ல தசாவதாரத்துக்குக் குடை பிடிச்சாங்க. தெனமும் சுண்டல் படைக்கணும், பசங்க கொண்டக்கடலையப் பாத்தாலே எழுந்து ஓடுனாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க கொலுவுக்கு முன்னாடி ஜமக்காளத்துல ஒடுங்கி உக்காந்து, "இன்னும் கலைக்கலையா?"ன்னு கேக்க, "இல்லீங்க, எங்க ஊர்ல இப்படித்தான்"னு சொல்லிப் பழகிட்டாங்க. செட்டியார் பொம்மை மேல பல்லி முட்ட போட்டுச்சு. நாகப்பன் வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி, மாளிகை நிமிர்ந்து நிக்குதான்னு பாத்துட்டு, மூட்டை மூட்டையா கொண்டக்கடலையும் எறக்கிட்டுப் போகச் சொன்னார். தூணப் பாக்க ஒரு ஆளையும் அனுப்பல. ஊர்ல அத்தன பேரு மண்ண நிமிர்த்திப் பிடிச்சிட்டு இருக்கப்போ செங்கல்லப் பாக்கறதுக்கு என்ன அவசரம்?

அபிநயா தெனமும் டிபன் பாக்ஸ எடுத்துட்டுப் போனா, தெனமும் வந்தா. வனஜா தெனமும் பொம்மைய வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. முடி நூலாச்சு. நூல் கயிறாச்சு. தை பொறந்து முகூர்த்தம் தொடங்கி, நாலாவது மாடியில கல்யாணப் பட்டெடுக்க ஜனம் ஏறி எறங்குன ஒரு காலைல, கோடு தூணச் சுத்தி வந்து தன்னையே தொட்டுடுச்சு.

வனஜா உக்காந்து யோசிச்சா. அவளுக்குப் படபடப்பு இல்லாதது அன்னைக்கு ஒதவுச்சு. நிமிர்த்தி வெச்சா நிக்கும்னு நெனச்சது தப்பு. நின்னுக்கிட்டேதான் வெடிக்குது. படுக்க வெச்சுத்தான் ஆகணும். ஆனா உள்ள ஒருத்தர் இல்லாம இருக்கணும். கடைவீதில எல்லாக் கடையும் ஒரே நேரத்துல வெளக்க அணைச்சு, ஷட்டரப் பாதி எறக்கி, வேலை பாக்கறவங்க மொத்தப் பேரும் வாசலுக்கு வந்து நிக்கறது எப்போ? சாவு போறப்போ.

சொர்க்க ரதம் வண்டி ஓட்டுற துரைக்கண்ணு வீட்டுக்குப் போனா. செல்வகணபதிய எடுத்துட்டுப் போனவர் அவர்தான். தோசை சாப்பிட்டுட்டு இருந்தார்.

"யாரும்மா?"

வனஜா கையத் தொறந்து காட்டுனா.

அவர் எட்டிப் பாத்தார். "எப்போ?"

"இன்னும் இல்லண்ணே. இப்ப எடுத்துடலாம்."

"வயசு?"

"கட்டி ஆறு வருஷம் இருக்கும்."

"சின்ன வயசு"ன்னு சொல்லிட்டுக் கையக் கழுவினார். "சங்கு வேணுமா?"

"வேணும். கடைவீதிக்கே கேக்கணும்."

வண்டி தெருவுக்குள்ள வந்து நின்னதும் மரகதம் அக்கா வெளிய ஓடி வந்தாங்க. "ஐயையோ, யாருடி?"

"மாளிகைய எடுக்கறேன்க்கா."

மரகதம் அக்கா மொகத்துல வருத்தம் வரல, ஒரு வெளிச்சம் வந்துச்சு. "படுக்க வெக்கப் போறியா? அப்ப கொலுவக் கலைச்சுடலாமா?"

"கலைச்சுடலாம்."

"அடியே, இரு, எங்களதையும் எடுத்துட்டு வர்றேன்!"

அது தெருத்தெருவா பரவுச்சு. ஆளாளுக்கு மண் மாளிகைய எடுத்துட்டு ஓடி வந்து வண்டியில ஏத்துனாங்க, கூடத்துல காலு நீட்டிப் படுக்கலாம், சுண்டல் அவிக்க வேணாம்ங்கற சந்தோஷத்துல. "இப்பப் படுக்க வெக்காதீங்க, நிக்கட்டும், நான் சொல்றப்போ"ன்னு வனஜா ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னா. மாலை போட்ட பாடைல வரிசை வரிசையா மாளிகைங்க நின்னுக்கிட்டுப் போச்சு. பொம்பளைங்க சாவு வண்டிக்குப் பின்னாடி தெருமுனையத் தாண்ட மாட்டாங்க, அன்னைக்கு ஊர்ப் பொம்பளைங்க மொத்தமா தாண்டிப் போனாங்க.

சங்கு ஊதுச்சு. பாத்திரக்கடை ஷட்டர் எறங்குச்சு. மருந்துக்கடை எறங்குச்சு. டீக்கடைக்காரர் பாய்லர மறச்சுக்கிட்டு நின்னார். வெற்றிமங்கை மாளிகைல வெளக்கு அணைஞ்சு, துணி எடுக்க வந்தவங்களும் யூனிபார்ம் சேலைல பொண்ணுங்களும் படியெறங்கி வந்து வாசல்ல கை கட்டி நின்னாங்க. கீழ் மாடி, ரெண்டாவது, மூணாவது, அஞ்சாவது. வனஜா மொகம் மொகமா பாத்தா. அபிநயா இல்ல.

"மேல ஒரு கல்யாண பார்ட்டி, அபிநயா மட்டும் கூட இருக்கா"ன்னு சத்யா சொன்னா. "புடவை கட்டிப் பாத்துட்டு இருக்காங்க, பாதில விட முடியாதுல்லக்கா. கண்ணாடி சாத்தியிருக்கு, சங்கு கேட்டிருக்காது."

நாகப்பன் வெளிய வந்தார். "யாரும்மா செத்தது?"

"உங்க கடைங்க."

வண்டிக்குள்ள தன் கடை தன்னப் பாத்து வரிசையா நிக்கறத அவர் பாத்தார். "கடை வாசல்ல நிறுத்தாதீங்கம்மா! முகூர்த்த நாளும் அதுவுமா! துரை, வண்டிய எடுப்பா!"

துரைக்கண்ணு வண்டிய அணைச்சு சாவிய மடியில போட்டுக்கிட்டார். நின்ன சாவு நகர்ற வரைக்கும் ஒரு கடையும் தொறக்க முடியாது. ஆனா நாலாவது மாடியும் எறங்கல. வனஜா அண்ணாந்து பாத்தா. கண்ணாடிக்குப் பின்னாடி யாரோ ஒரு செவப்புச் சேலையத் தோள்ல போட்டுத் திரும்புறது தெரிஞ்சுது. கூப்பிடலாம்னு வாயத் தொறந்தா. "அபிநயா"ன்னுதான் கூப்பிட நெனச்சா. வந்தது அது இல்ல.

"ஏங்க..."

அந்தக் குரல் அவளோடதுன்னு மொதல்ல அவளுக்கே தெரியல.

"ஏங்க, எங்கங்க போனீங்க... டார்ச்ச அடிங்களேன்... புள்ளைங்க உள்ள நிக்குதுங்களே, வழி தெரியாம நிக்குதுங்களே... கதவத் தொறந்து வெளிய அனுப்புங்களேன்... எல்லாரையும் அனுப்புனீங்களே, நம்ம புள்ளைய அனுப்புங்களேன்..."

மார்ல அடிச்சுக்கிட்டு நடுரோட்டுல உக்காந்துட்டா. பக்கத்துல மில் ஹாஸ்டல்ல மகளப் பறிகொடுத்தவ ஒருத்தி உக்காந்தா. மண்டபத்துல அண்ணனப் பறிகொடுத்தவ உக்காந்தா. கொலு கலையப் போகுதுன்னு சிரிச்சிட்டே வந்த மரகதம் அக்கா, படகுத்துறைல போன தன் வீட்டுக்காரர் பேரச் சொல்லி, கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு நாளும் சொல்லாத பேர, கத்திச் சொன்னாங்க. வருஷக்கணக்கா வராத அழுகை எல்லாம் கடைவீதில சேந்துபோய் எழும்புனதுல, நாலாவது மாடிக் கண்ணாடி அதிர்ந்துச்சு. ஜன்னல் தொறந்துச்சு. கல்யாணப் பொண்ணு எட்டிப் பாத்தா, அவ அம்மா எட்டிப் பாத்தாங்க, யாரோ நம்ம ஆளுங்கதான் போயிட்டாங்க போலன்னு பதறிக்கிட்டு மொத்தக் குடும்பமும் படியெறங்கி ஓடி வந்துச்சு. பொண்ணு மேல பாதி கட்டுன பட்டு. மீதிப் பாதிய, அழுக்காயிடக் கூடாதேன்னு கையில ஏந்திக்கிட்டு, பின்னாலயே அபிநயா.

"அம்மா! என்னம்மா ஆச்சு? ஏன்மா அழுற?"

வனஜா அவ கையப் பிடிச்சா. சூடா இருந்துச்சு. சூடுன்னு தெரிஞ்சுது.

"இப்பப் படுக்க வெய்யுங்க"ன்னா.

எல்லாரும் வண்டிக்குள்ள கைய விட்டு, அவங்கவங்க மாளிகைய மெதுவா, பக்கவாட்டுல, தூங்குற புள்ளையத் திருப்புற மாதிரி சாய்ச்சாங்க. வெற்றிமங்கை மாளிகையும் சாஞ்சுது. பெரிய சத்தம் இல்ல. நின்னு நின்னு காலு ஓஞ்சவங்க உக்கார்ற மாதிரி, மொதல்ல நாலாவது மாடி உக்காந்துச்சு, அது மேல அஞ்சாவது, அப்புறம் எல்லாம். தூசி அடங்குனப்போ எல்லாரும் வெள்ளையா நின்னாங்க. நாகப்பன் கையில ஷட்டர் பூட்டோட சாவி மட்டும் இருந்துச்சு. வண்டிக்குள்ள பொம்மை ஒண்ணும் இல்ல, பாடை நெறைய சலிச்ச மாதிரி மண்ணுதான் இருந்துச்சு. துரைக்கண்ணு அதக் கொண்டுபோய் ஆத்தோரம் கொட்டிட்டு, வழக்கம்போல குளிச்சிட்டு வீட்டுக்குப் போனார்.

இந்தப் புரட்டாசில பெட்டியப் பிரிச்சாங்க. ஒரு பேப்பர் பொட்டலம் ஒரு சாண் உசரத்துக்கு, கட்டடம் மாதிரியே மடிஞ்சு இருந்துச்சு. பிரிச்சா உள்ள ஒண்ணும் இல்ல. ஊர்ல பெரிய வருத்தம். செட்டு கெட்டுப்போச்சுன்னாங்க. வெளியூர் வேன்ல வந்தவங்க, "இதுல ஒண்ணு கொறையுதே"ன்னு கேட்டுட்டு மொகம் சுளிச்சாங்க. அந்த எடத்துல ஒரு பிள்ளையார வெச்சு அடைச்சுடுன்னு மரகதம் அக்கா சொன்னாங்க, அவங்க வீட்ல அடைச்சும் வெச்சுட்டாங்க.

வனஜா அடைக்கல. மூணாவது படியில டாக்கீஸ், பக்கத்துல மில், மண்டபம், துறை, அதுக்குப் பக்கத்துல ஒரு சாண் வெறும் எடம். சாயங்காலம் வேலை தேடிட்டு வந்த அபிநயா சுண்டல் வாயோட படிகிட்ட வந்து, "ஏம்மா, இங்க ஒண்ணையும் வெக்கலையா?"ன்னு கேட்டா.

"அது உன் எடம்டி. தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத"ன்னு சொல்லிட்டு, வனஜா டாக்கீஸ லேசா திருப்பி வெச்சா, மஞ்சப் பொட்டு அந்த வெறும் எடத்தப் பாத்த மாதிரி.